கன்டெய்னர் இமேஜ் (ஆப்பும் அது ஓடத் தேவையானதும் சேர்ந்த பொட்டலம்) ஸ்கேன்ல வர்ற தேவையில்லாத சிவிஇ-களை (நம்பர் போட்டு பதிவான பாதுகாப்பு ஓட்டைங்க) என்ன பண்றீங்க?

பில்டு_பாண்டி: மக்களே ஒரு டவுட்டு. நோட்.ஜேஎஸ் ஆப், டெபியன் 12 லினக்ஸ் மேல இருக்கிற ஃபுல் இமேஜ், சிஐ-ல (தானா நடக்கிற பில்டு) ட்ரிவி ஸ்கேனர் ஓடுது. ஒவ்வொரு பில்டுக்கும் நூத்துக்கணக்குல வருது, பாதிக்கு மேல கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப்பகுதி) ஓட்டைங்க. கன்டெய்னருக்குள்ள கெர்னலே கிடையாதே, எங்கேர்ந்து வருது? கூடவே ஸெட்லிப்ல (டேட்டாவை சுருக்குற லைப்ரரி) சிவிஇ-2023-45853, ஸ்கோர் 10-க்கு 9.8, ஃபிக்ஸும் இல்லையாம். கிரிட்டிகல் ஜீரோ ஆகாம ரிலீஸ் கிடையாதுன்னு கிளையன்ட் ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. எல்லாத்தையும் இக்னோர் ஃபைல்ல (ஸ்கேனர் கண்டுக்காம விட வேண்டிய லிஸ்ட்) தள்ளிடவா?

ரூட்_ராசு: தள்ளாதீங்க ப்ரோ. கெர்னல் லிஸ்ட் வர்றது லினக்ஸ்-லிப்சி-டெவ் பேக்கேஜால. உள்ள வெறும் ஹெடர் ஃபைல்தான், ஆனா கெர்னல் சோர்ஸ்லேர்ந்து பில்ட் ஆகுறதால ஸ்கேனர் கெர்னல் சிவிஇ மொத்தத்தையும் அது தலைல கட்டிடுது. ஓடுறது ஹோஸ்ட் கெர்னல், பேட்ச் அங்கதான் போடணும். ஃபுல் இமேஜ்ல ஜிசிசி, ஹெடர்னு கம்பைல் பண்ற சாமான் எல்லாம் கிடக்கும், புரொடக்‌ஷன்ல எதுக்கு? மல்டி ஸ்டேஜ் போடுங்க, ஃபுல்ல பில்ட் பண்ணி ஸ்லிம்முக்கு (தேவையானது மட்டும் இருக்கிற சின்ன இமேஜ்) காப்பி, ரெண்டும் ஒரே டெபியன் வெர்ஷனா இருக்கட்டும்.

சும்மா_வந்தவன்: இவ்ளோ எதுக்கு, இக்னோர்-அன்ஃபிக்ஸ்டு ஃப்ளாக் (பேட்ச் வராததைக் காட்டாதேன்னு அர்த்தம்) போட்டா பாதி காலி.

ரூட்_ராசு: காலி ஆகும், நேத்து வந்து இன்னும் பேட்ச் வராத நிஜமான ஓட்டையும் சேர்ந்து காலி ஆகும்.

லாக்_லட்சுமி: அந்த ஸெட்லிப் மேட்டர்: ஓட்டை இருக்கிறது மினிஸிப்ல (ஸிப் ஃபைலைக் கையாள்ற துணை கோட்). அது சோர்ஸ்ல கான்ட்ரிப் ஃபோல்டர்ல கிடக்கு, டெபியன் 12-ஓட ஸெட்லிப் பேக்கேஜ்ல அதை பில்டே பண்றதில்ல. டெபியன் செக்யூரிட்டி டிராக்கர்லயே போட்டிருக்காங்க, அந்தப் பக்கத்தையே கிளையன்ட்டுக்கு அனுப்புங்க. ஆனா உங்க டிபெண்டன்சி எதுவும் தனியா மினிஸிப்பை உள்ள வச்சிருக்கான்னு பாத்துட்டு அனுப்புங்க, பைத்தான்ல பைமினிஸிப் அப்படித்தான் மாட்டுச்சு. அப்படி எதுவும் இல்லைன்னா வெக்ஸ் ஃபைல்ல (எந்த ஓட்டை நம்மள பாதிக்கும், பாதிக்காதுன்னு சொல்ற ஃபைல்) 'பாதிப்பில்லை'ன்னு காரணத்தோட எழுதுங்க, ட்ரிவி அதை படிக்கும். இக்னோர் ஃபைல்தான்னா காலாவதி தேதி போடுங்க, தேதி தாண்டினா தானா திரும்ப வரும். தேதி இல்லாத இக்னோர் எல்லாம் குப்பைய பாய்க்கு கீழ தள்றதுதான்.

பில்டு_பாண்டி: ஸ்லிம் போட்டேன், கெர்னல் கூட்டம் மொத்தமா போச்சு, தேங்க்ஸ். டார்ல (ஃபைல்களைக் கட்டிப் பிரிக்கிற டூல்) சிவிஇ-2005-2541னு ஒண்ணு நிக்குது, 2005ஆ?!

லாக்_லட்சுமி: ஹாஹா அது எல்லார் வீட்லயும் இருக்கும். ரூட்டா (அட்மின் யூசரா) அன்டார் பண்ணா செட்யூஐடி பிட் (ஃபைல் ஓனரோட பவர்ல ஓட வைக்கிற குறி) வார்னிங் இல்லாம வந்துடுதாம், டார் வேலையே அதான். உங்க ஆப் வெளியாள் தர்ற டார் ஃபைலை ரூட்டா பிரிக்கலைன்னா ஒரு வரி எழுதிட்டு அடுத்ததைப் பாருங்க.