சாரம் விற்பனைக்கு இலக்கு வைப்பது எப்படி?

கேள்வி: மருதமுனையில் 6 தறிகளில் சாரம் (லுங்கி) நெய்கிறோம். ஒவ்வொரு வருடமும் விற்பனையைக் கூட்டுவோம் என்று தொடங்குகிறோம், கூடியதா என்று கடைசியில் ஒருவருக்கும் தெரியாது. இலக்கை எப்படி எழுதுவது?

பதில் 1: தம்பி, முதலில் இப்போது மாதம் எத்தனை போகிறது என்று பில் புத்தகத்தைப் பார்த்து எண்ணுங்கள். 200 என்றால், நோன்புப் பெருநாளுக்குள் மாதம் 240, பொறுப்பு இன்னார் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முகாமைத்துவ ஆலோசகர் ஜோர்ஜ் டோரன் 1981இல் எழுதிய, இலக்கு வைப்பதற்கான ஸ்மார்ட் (SMART) முறை கேட்பதும் இதுதான்: குறிப்பாக, அளக்கக்கூடியதாக, ஒருவர் பொறுப்பில், நடக்கக்கூடியதாக, காலக்கெடுவோடு.

பதில் 2: எண்ணிக்கையை மட்டும் வைத்தால் நெசவு ஐதாகிவிடும், எங்களுக்கு நடந்தது. திரும்பி வந்த சாரத்தையும் எண்ணுங்கள். அப்புறம், நெய்கிறவர்களைக் கேட்டுவிட்டு எண்ணை முடிவு செய்யுங்கள், நூல் வராத கிழமையில் அவர்கள் என்ன செய்வார்கள்?

கேட்டவர்: சரி நானா, பில் புத்தகத்தை இன்றிரவே எடுக்கிறேன்.