இயற்கை 'அணுகலா', 'புழக்கமா'?

குழும நண்பர்களுக்குத் திருகோணமலையிலிருந்து வணக்கம்.

சூழல் கேடுகள் சிலர் மீது மட்டும் சுமத்தப்படுவதற்கும், இயற்கை சிலருக்கு மட்டும் எட்டாமற் போவதற்கும் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். முதலாவதற்குச் சொல்லப்பட்ட 'சூழல் அநீதி' என்ற சொல்லில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. 1982 இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதியில், பி.சி.பி. என்ற தொழிற்சாலை வேதிநஞ்சு கலந்த மண்ணைப் புதைக்க முற்பட்டபோது மூண்ட எதிர்ப்பே அக்கருத்தைப் பரவலாக்கியது. நஞ்சு யார் தலையில் கொட்டப்படுகிறது என்ற கேள்வி அச்சொல்லுக்குள் இருக்கிறது.

சிக்கல் இரண்டாவதில்தான். கடலும் காடும் குளமும் சிலருக்கு மட்டும் எட்டாமற் போவதைச் 'சமனற்ற இயற்கை அணுகல்' எனலாம் என்று நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். ஆனால் அணுகுபவர் என்றால் வெளியிலிருந்து வருபவர். இங்கே நிலாவெளிக் கடற்கரைக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; நுழைவுச்சீட்டு வாங்கிப் படகேறும் எவருக்கும் இன்று அங்கே அணுகல் உண்டு. அச்சீட்டோடு நிலாவெளி மீனவரும் போய்வரலாம், ஆனால் வலை வீச முடியாது. பவளப்பாறைக்குக் காப்பு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அம்மீனவர் இழந்ததற்கு 'அணுகல்' பெயராகாது என்கிறேன்.

நம் பேச்சில் 'புழங்குதல்' இருக்கிறது. வீட்டுக்குள் புழங்குகிறோம், கிணற்றடியில் புழங்குகிறோம். சாதி பார்த்து 'அவர்களோடு புழங்குவதில்லை' என்று சொன்ன கசப்பும் அச்சொல்லில் ஒட்டியிருக்கிறது, அதுவும் இங்கே பொருந்துகிறது. 2006 இல் போரால் இடம்பெயர்ந்த, எங்கள் மாவட்டத்துச் சம்பூர் மக்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தம் வயலுக்கும் கரைக்கும் திரும்ப முடியாதிருந்தார்கள். இதற்கிடையில் 500 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்றுக்கு அங்கே திட்டமிடப்பட்டு, 2016 இல் அது கைவிடப்பட்டது. அந்தப் பத்தாண்டுகளை 'அணுகல் குறைவு' என்று எழுத என் கை வரவில்லை.

ஆகவே உரிமையை 'இயற்கைப் புழங்குரிமை' என்றும், அது பறிக்கப்படுவதைப் 'புழக்கமறுப்பு' என்றும் வழங்கலாம். 'பணப்புழக்கம்' இருப்பதால் குழப்பம் வரும் என்பார்கள். 'ஆள்புழக்கமற்ற காடு' என்று எழுதும்போது எவரும் குழம்பியதில்லை. 'புழக்க இழப்பு' என்று மென்மையாக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். இழப்பு தானாகவும் நேரலாம். மறுப்புக்கு மறுப்பவர் ஒருவர் வேண்டும்.