புதுப்பிப்பு: அம்மாவின் டிஎஸ்ஹெச் 0.28

அம்மாவுக்கு டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; குறைந்தால் தைராய்டு அதிகமாக வேலை செய்கிறதோ என்று சந்தேகம்) 0.28, அதாவது நார்மலைவிடக் குறைவு, தைராய்டு ஹார்மோன்களான ஃப்ரீ டி4, டி3 இரண்டும் நார்மல், தைராய்டுக்கு மாத்திரை தொடங்கணுமா என்று கேட்டிருந்தேன். தொடங்கவில்லை. டாக்டர் முதலில் கேட்டது, "முடி கொட்டுதுன்னு ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" அம்மா பையிலிருந்து பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை அட்டையை எடுத்தார், 10 மில்லிகிராம்! சில லேப் முறைகளில் பயோட்டின் குறுக்கிட்டு டிஎஸ்ஹெச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும், டி4-ஐ ஏற்றிக் காட்டும். டி4 நார்மலாக இருந்ததால் பயோட்டின்தான் காரணமென்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. சரி, நிறுத்திவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பார்த்ததில் டிஎஸ்ஹெச் 0.61, நார்மல். 0.1-க்கும் 0.4-க்கும் இடைப்பட்ட அளவு பலருக்குத் தானாகவே ஏறிவிடுமாம். 0.1-க்குக் கீழே இருந்து, வயதும் 65 தாண்டியிருந்தால் கதை வேறு. இதயத் துடிப்பு, எலும்பு உறுதி எல்லாம் பார்க்கணும். அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து.