ஸ்பேஸா, எக்ஸா?

வெட்டி ஒட்டி: "மவுஸ் இல்லாமல் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சரியாக வெட்டவே முடியாது" என்று நேற்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். எனக்குப் பார்வை இல்லை, பத்து வருடமாக வெட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒலி ஓடும்போதே இடது சதுர அடைப்பை அழுத்தினால் தேர்ந்தெடுக்கும் பகுதியின் தொடக்கம், வலது அடைப்பை அழுத்தினால் முடிவு. அப்புறம் டெலீட். இதில் மவுஸுக்கு என்ன வேலை?

கரகர மைக்: சொன்னது நான்தான். ஸ்பேஸ் தட்டி நிறுத்தினால் கர்சர் புறப்பட்ட இடத்துக்கே ஓடிவிடுகிறது. பிசிறு கேட்ட இடம் போச்சு. இதற்குப் பதில் உண்டா?

வெட்டி ஒட்டி: எக்ஸ் தட்டுங்கள். நின்ற இடத்திலேயே கர்சர் நிற்கும்.

கரகர மைக்: உலகம் முழுக்க ஸ்பேஸ்தான். புதிதாக வருகிறவன் எக்ஸை எங்கே போய்த் தேடுவான்? ரீப்பர் என்ற இன்னொரு ஒலி மென்பொருளில் ஒசாரா என்ற துணைநிரலைப் போட்டால் எல்லாவற்றையும் நம் திரைவாசிப்பான் என்விடிஏ வாசித்துக் காட்டும்.

தெற்குவீதி: அண்ணா, ரீப்பரிலும் ஸ்பேஸ் தட்டினால் எடிட் கர்சர் பழைய இடத்தில்தான் இருக்கும். அங்கே மட்டும் இனிக்கிறதா?

கரகர மைக்: அது வேறு விஷயம்.

வெட்டி ஒட்டி: எப்படி வேறு? அதே ஸ்பேஸ், அதே ஓட்டம்! ரீப்பர் 60 நாள் சோதனைக்குப் பிறகு காசு கேட்கும், ஆடாசிட்டி இலவசம். இசட் தட்டினால் தேர்வின் விளிம்பு அலை பூஜ்யத்தைத் தொடும் இடத்துக்கு நகரும், ஒட்டில் 'டப்' சத்தம் வராது. சி தட்டினால் வெட்டிய பிறகு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கேட்கலாம். இதெல்லாம் தெரியாமல் முடியாது என்பது...

கரகர மைக்: காசைப் பற்றி யார் கேட்டது? போன மாதம் நீங்கள் போட்ட கதைப் பதிவில் உங்களோடு சேர்ந்து என்விடிஏவும் கதை சொன்னதே, அதுவும் துல்லியம்தானா?

வெட்டி ஒட்டி: அன்று ஹெட்ஃபோன் பழுது. ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் ஏறிவிட்டது. அதற்கும் எக்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

புதுசு: ஐயா, ஓடும்போதே இடத்தைக் குறித்துவைக்கும் லேபிள் போட என்ன தட்ட வேண்டும்? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

வெட்டி ஒட்டி: கண்ட்ரோல் எம், தம்பி. இவர் பேச்சைக் கேட்டு ஸ்பேஸ் தட்டிவிட்டுப் போடாதீர்கள்.

கரகர மைக்: பார்த்தீர்களா, ஸ்பேஸ் ஆகாது என்று அவரே சொல்லிவிட்டார்.