புதுப்பிப்பு: வூகாமர்ஸ் ஆர்டர்கள் மின்னஞ்சல் மென்பொருளுக்குப் போகாத சிக்கல் தீர்ந்தது

வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் பிளகினை மின்னஞ்சல் மென்பொருளோடு இணைத்திருந்தேன். ஏபிஐ சாவி (இரண்டையும் இணைக்கும் ரகசியக் குறியீடு) சரி, ‘இணைக்கப்பட்டது’ என்றும் காட்டுகிறது, ஆனால் புது ஆர்டர் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சாவியை மாற்றியதும் பிளகினை மறுபடி நிறுவியதும் பலிக்கவில்லை. ‘கிரானைப் பாருங்கள்’ என்ற யோசனைதான் கைகொடுத்தது (கிரான் என்பது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி). வூகாமர்ஸ் ஸ்டேட்டஸில் ‘ஷெட்யூல்டு ஆக்‌ஷன்ஸ்’ பக்கத்தைத் திறந்தால், ஆர்டர்களை அனுப்பும் ஒத்திசைவு வேலைகள் எல்லாம் நேரம் கடந்தும் ‘பெண்டிங்’ என்றே குவிந்து கிடந்தன. வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பான டபிள்யூபி-கான்ஃபிக்கில் வேர்ட்பிரஸின் சொந்த கிரான் அணைக்கப்பட்டிருந்தது. அதற்கு ஈடாக சர்வரில் எதுவும் போடவில்லை. ஹோஸ்டிங் பேனலில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை டபிள்யூபி-கிரான் கோப்பை இயக்கும்படி வைத்ததும் வரிசை கரையத் தொடங்கியது. அணைத்த வரியை நீக்கினாலும் ஓடும்தான். ஆனால் அந்த கிரான் யாராவது தளத்துக்கு வந்தால்தான் விழிக்கும். முழுப்பக்க கேஷ் (சேமித்து வைத்த பக்கத்தையே காட்டுவது) உள்ள கடையில், வருகை வேர்ட்பிரஸ் வரை போகாமலேயே இருக்கலாம் என்பதால், அதை நம்ப வேண்டாம்.

எதிர்பாராதது ஒன்று: தேங்கியதெல்லாம் மொத்தமாகப் போனதில், எப்போதோ வாங்கியவர்களுக்கும் ‘வரவேற்கிறோம்’ மடல் பறந்துவிட்டது. கிரானைப் போடும் முன் மின்னஞ்சல் மென்பொருளில் தானாக மடல் அனுப்பும் ஆட்டோமேஷன்களை நிறுத்தி வையுங்கள். செக்அவுட்டில் சம்மதப் பெட்டியை டிக் செய்யாதவர்கள் சந்தாதாரராகச் சேரவில்லை. அது பிழை இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.