பசைக்கூடத்துக் கரைப்பான் ஆவிக்குத் தென்னை நார்க்கழிவுப் படுகை போதுமா?

தோல்பட்டறை:
ஆம்பூர் அருகே காலணிகளை ஒட்டும் சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறேன். பசையிலிருந்து எழும் டொலுயீன், எத்தில் அசிடேட் ஆவிகளை மணிக்குச் சுமார் 3000 கன மீட்டர் காற்றோடு உறிஞ்சி வெளியேற்றுகிறோம். ஒரு கன மீட்டரில் 0.6 கிராம் கரைப்பான் இருக்கிறது. ஆவியைப் பிடிக்கும் கரியை அடிக்கடி மாற்றும் செலவு கட்டுப்படியாகவில்லை. மலிவாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவைக் கொண்டு உயிரி வடிகட்டி (நுண்ணுயிர்கள் ஆவியைத் தின்று சிதைக்கும் ஈரப் படுகை) அமைக்கலாமா? ஞாயிறு விடுமுறையில் நுண்ணுயிர்கள் பட்டினியால் மடிந்துவிடுமா?

வேதிப்பொறி:
அமைக்கலாம், ஆனால் இடத்தை முதலில் கணக்கிடுங்கள். காற்று படுகைக்குள் ஏறக்குறைய ஒரு நிமிடம் தங்க வேண்டும் என்று கொண்டால் உங்களுக்கு 50 கன மீட்டர் படுகை தேவை. ஒரு மீட்டர் உயரத்தில் பரப்பினால் அது ஒன்றேகால் சென்ட் இடத்தைப் பிடிக்கும். அப்போது ஒரு கன மீட்டர் படுகைக்கு மணிக்கு 36 கிராம் கரைப்பான் வந்து சேரும். டொலுயீனுக்கு இது சற்றே அதிகமான சுமைதான் என்றாலும், எத்தில் அசிடேட் நீரில் நன்கு கரைந்து எளிதில் சிதைவதால் சமாளிக்கலாம். நுண்ணுயிர்கள் எளிதான அதையே முதலில் தின்னும். டொலுயீன் படுகையின் பிற்பகுதிக்குத் தள்ளப்படும் என்பதால், வெளியே வரும் காற்றில் எத்தில் அசிடேட்டின் பழவாசனை இல்லை என்பதை வைத்து வடிகட்டி வேலை செய்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பசைக் கிண்ணங்களை மூடி வைப்பதை, என்னைக் கேட்டால், இதற்கெல்லாம் முன்பே செய்திருக்க வேண்டும்.

ஈரப்படுகை:
நார்க்கழிவை மட்டும் போட்டு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நான்கே மாதங்களில் படுகை அமுங்கி, புளோயர் திணறத் தொடங்கியது. திறந்து பார்த்தால் மேற்பரப்பு சொதசொதவென்று இருக்க, காற்று நுழையும் அடிப்பகுதியோ கையில் எடுத்ததும் பொடியாக உதிர்ந்தது. நடுவே விரல் நுழையும் வெடிப்புகள் வழியாக ஆவி அப்படியே தப்பிக்கொண்டிருந்தது. காற்றை ஈரப்படுத்தித்தான் அனுப்பினேன். ஆனால் கரைப்பான் சிதையும்போது எழும் வெப்பமே நுழைவாயிலை உலர்த்திவிடுகிறது என்பது அதன் பிறகுதான் புரிந்தது. இப்போது உப்புப் போகக் கழுவிய நார்க்கழிவு, முதிர்ந்த மட்கு, மரச்சில்லுகள் மூன்றையும் கலந்து, காற்றை மேலிருந்து கீழாகச் செலுத்தி, மேலேயே நீர் தெளிக்கிறேன். ஈரம் எடையில் 50 முதல் 60 விழுக்காடு இருக்குமாறு பார்த்துக்கொள்கிறேன். நார்க்கழிவில் தழைச்சத்து குறைவு என்பதால் தெளிப்பு நீரில் சிறிது யூரியாவும் சேர்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஈரமும் சிறிதளவு காற்றும் இருந்தால் திங்களன்று சில மணி நேரத்தில் மீண்டுவிடும்.

தோல்பட்டறை:
மிக்க நன்றி. துடைப்பதற்கு எப்போதாவது டைகுளோரோமீத்தேன் என்ற குளோரின் கலந்த கரைப்பானும் பயன்படுத்துகிறோம். அதையும் இதே குழாயில் விடலாமா?

வேதிப்பொறி:
வேண்டாம். அது சிதைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உருவாகிப் படுகையைப் புளிக்க வைத்துவிடும். துடைக்கும் மேசைக்குப் பழைய கரி உருளையையே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.