வால் விசிறி போனால் பைலட்டால் காப்பாற்ற முடியுமா? லெஸ்டர் விபத்து பற்றி

வான்குருவி: 2018 அக்டோபர் 27, லெஸ்டர் சிட்டி கால்பந்து மைதானத்தின் நடுவிலிருந்து கிளம்பிய ஏடபிள்யூ169 ஹெலிகாப்டர் பக்கத்திலேயே விழுந்து, கிளப் உரிமையாளர் விச்சாய் உட்பட ஐந்து பேரும் போய்விட்டார்கள். வால் விசிறி கோளாறு என்கிறார்கள், சரி. ஆனால் அப்படி ஆனால் என்ஜின் விசையைத் துண்டித்து, மேல் ரோட்டாரைக் காற்றிலேயே சுழலவிட்டு இறங்கு என்றுதானே பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள்? பைலட் தடுமாறிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

பேரிங் பாண்டி: பழியை ரொம்ப சீக்கிரம் போட்டுவிட்டீர்கள். டிரில் மெஷின் முனை சுவரில் சிக்கினால் மெஷினே உங்கள் மணிக்கட்டை முறுக்குமே, மேல் ரோட்டாரும் ஹெலிகாப்டர் உடலை அப்படித்தான் எதிர்ப்பக்கம் முறுக்கும், அதைத் தடுக்கத்தான் வால் விசிறி. லெஸ்டரில் அது நிற்கவே இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது, தப்பாக ஓடியது. வாலில் இருந்த பேரிங் ஜாம் ஆனது. விசிறி இறக்கைகளின் கோணத்தை மாற்றும், சுழலக் கூடாத கட்டுப்பாட்டு ஷாஃப்ட் அதோடு சேர்ந்து சுழன்று, மறுமுனையில் பைலட் காலால் மிதிக்கும் பெடலோடு இருந்த இணைப்பு கழன்றது. ஷாஃப்ட் எவ்வளவு நகர்ந்தது என்ற தகவல் திரும்பி வராததால், எண்ணெய் அழுத்தத்தில் தள்ளும் ஹைட்ராலிக் தள்ளிக்கொண்டே போய் விசிறி இறக்கைகளைக் கடைசி எல்லைவரை திருப்பிவிட்டது. வால் விசிறி மேல் ரோட்டாரோடு கியரில் இணைந்தது, விசையைத் துண்டித்தாலும் தப்பான பக்கம் தள்ளத்தான் செய்யும். இதில் பெடலை மிதித்து என்ன பயன்?

வான்குருவி: அப்படியானால் 2016 டிசம்பரில் வட கடலில் வெஸ்ட் ஃபிராங்க்ளின் எண்ணெய்த் தளத்தில் இறங்கிய எஸ்-92 ஹெலிகாப்டர்? அதிலும் வால் பேரிங்தான் போனது. தளத்தில் கிறுகிறுவென்று சுற்றினாலும் பதினொரு பேருக்கும் கீறல்கூட இல்லை.

பேரிங் பாண்டி: அது இறங்கும் நேரம் ஐயா, கீழே தளம் சில அடிதான். இது 430 அடி உயரத்தில், முன்வேகம் பிடிக்க ஆரம்பித்த நேரத்தில்.

வான்குருவி: அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன்! வேகம் இருந்திருந்தால் வாலில் நிமிர்ந்து நிற்கும் துடுப்பில் காற்று பட்டு உடலை ஓரளவு நேராக வைத்திருக்கும். மைதானத்துக்குள்ளிருந்து மேலேயும் பின்னாலேயுமாக ஏறிக் கிளம்பியதால்தான் அந்த வாய்ப்பு போனது. அது மனிதர் எடுத்த முடிவு இல்லையா?

மீனா சு: பின்னால் ஏறுவது ஸ்டைலுக்கு இல்லை. ஒரு என்ஜின் நின்றால் புறப்பட்ட இடம் கண்ணெதிரே இருக்கட்டும், அங்கேயே இறங்கலாம் என்பதற்கு. ஆனால் வான்குருவி சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அந்த முறை என்ஜின் கோளாறை நினைத்து வைத்தது, வாலை நினைத்து வைத்ததில்லை.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். பறக்கும் சோதனையில் கிடைத்த சுமை விவரங்களை பேரிங் செய்தவர்களிடம் காட்டி, முதலில் போட்ட கணக்கு சரியா என்று பார்க்க வேண்டும் என விதியே இல்லையாம், 2023-ல் வந்த பிரிட்டன் விசாரணை அறிக்கை சொல்கிறது. விபத்துக்குப் பிறகு 2018 நவம்பரிலேயே ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு வாலைச் சோதிக்கச் சொல்லி அவசர உத்தரவு போட்டது. ஐந்து உயிர் போன பிறகு!

வான்குருவி: சரி, பைலட் தடுமாறினார் என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆனாலும் மைதானத்துக்கு வெளியே திறந்த இடத்திலிருந்து கிளம்பியிருக்கலாம் என்பதில் மாற்றமில்லை.

பேரிங் பாண்டி: கிளம்பியிருக்கலாம். அன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த பயணத்தில் அதே பேரிங் ஜாம் ஆகியிருக்கும்.

வான்குருவி: அப்போது வேகம் இருந்திருக்கும் என்றுதானே இவ்வளவு நேரம் கத்துகிறேன்!